மைனி சொன்ன தள்ளுதற்சீட்டு: ரிப்யூடியேட்ங்கிற வார்த்தையோட கதை

எங்க கடை கன்னியாகுமரி ஜில்லா குழித்துறையில, கோர்ட்டுக்குப் போற வழியில இருக்கு. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன்னு எது வந்தாலும் பண்ணுவோம். நான் வக்கீல் இல்ல, இங்கிலீஷ் வாத்தியாரும் இல்ல, ஆனா ரிஜிஸ்டர் தபால்ல வர்ற இங்கிலீஷ் லெட்டரப் பிரிச்சுப் படிச்சு இதுதான் விஷயம்னு சொல்ற வேலை எப்படியோ என் தலையில விழுந்துடுச்சு, அதுக்குக் காசும் கிடையாது.

போன மாசம் அருமனை பக்கத்துல இருந்து ஒரு மைனி வந்தாங்க. தூரத்துச் சொந்தம், அவங்க வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் முறை. ரப்பர் பால்வெட்டு வேலை, விடியறதுக்கு முன்னாடியே நெத்தியில லைட்டக் கட்டிட்டுத் தோட்டத்துக்குப் போற மனுஷன், 2024-ல நெஞ்சுவலி வந்து அங்கேயே விழுந்து போயிட்டாரு. அஞ்சு லட்சத்துக்கு ஒரு லைஃப் பாலிசி இருந்துச்சு. மைனி கொண்டு வந்த பிளாஸ்டிக் கவர்ல ரேஷன் கார்டு, டெத் சர்டிபிகேட், ரப்பர் ஷீட் வித்த துண்டுச்சீட்டு, இதுக்கெல்லாம் நடுவுல நாலா மடிச்ச கம்பெனி லெட்டர். மடிப்பு விழுந்த இடத்துல எழுத்தே தேஞ்சு போயிருந்துச்சு, எத்தன தடவ பிரிச்சுப் பாத்தாங்களோ.

உங்க க்ளெய்ம் ரிப்யூடியேட் பண்ணப்படுதுன்னு அதுல ஒரு வரி. (ரெபுடியேட்னு படிக்கிறவங்கதான் இங்க அதிகம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் படிச்சேன், ரிப்யூடியேட்ங்கிறதுதான் சரி.) மைனியோட பையன் போன்ல போட்டுப் பாத்திருக்கான், மறுக்கப்பட்டதுன்னு வந்திருக்கு. மைனி என்கிட்ட கேட்டது இதுதான்: "மறுக்காவன்னா என்ன தம்பி? எனக்க மாப்பிள சாவலைன்னா சொல்லுகாவ?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. ஏன்னா அவங்க கேட்டதுல தப்பே இல்ல, மறுக்கிறதுன்னா நம்ம பாஷையில முதல்ல அதுதான? நீ சொல்றது உண்மை இல்லன்னு சொல்றது. நான் சொன்னேன், "இல்ல மைனி, அண்ணன் போனத அவங்க இல்லன்னு சொல்லல, பாலிசி இருந்ததையும் இல்லன்னு சொல்லல, ஆனா இந்த பாலிசிக்கு நாங்க பொறுப்பு இல்லன்னு தள்ளி விட்டுட்டாங்க." மைனி லெட்டரையே பாத்துட்டு இருந்துட்டு, "அப்பம் தள்ளுதற்சீட்டு தந்திருக்காவன்னு சொல்லு" அப்படின்னாங்க.

அவங்க ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவங்க. எங்க பக்கம் சர்ச்சையும் கோயில்னுதான் சொல்லுவோம். பழைய தமிழ் பைபிள்ல மத்தேயு 5:31-ல வர்ற சொல் அது, பொண்டாட்டிய விலக்குறவன் அவ கையில கொடுக்க வேண்டிய சீட்டு. அவங்க ஏதோ வேதனையில சொன்னதுன்னு நெனச்சு விட்டுட்டேன். ராத்திரி உக்காந்து அந்த வார்த்தையோட பூர்வீகத்தத் தேடிப் பாத்தா, மைனி சொன்னது அச்சு அசலா சரி. அது மறுக்கிற வார்த்தையே இல்ல, விவாகரத்து வார்த்தை.

லத்தீன்ல ரெபுதியும்னு ஒரு சொல். ஒரு பக்கமா கல்யாணத்தையோ நிச்சயதார்த்தத்தையோ முறிச்சு விடுறதுக்கு ரோமாக்காரங்க வச்ச பேரு. ஆரம்பத்துல வர்ற 'ரெ'க்குத் திரும்ப, அப்பால, பின்னாலன்னு அர்த்தம், அதுல குழப்பம் இல்ல. மிச்சம் இருக்கிற 'புதியும்' எங்க இருந்து வந்துச்சுங்கிறதுலதான் ரெண்டு கட்சி. வெக்கம்னு அர்த்தம் உள்ள லத்தீன் வேர்ல இருந்து வந்துச்சுன்னு ஒரு கட்சி சொல்லுது, ரொம்ப காலமா ஜனங்க நம்பினது அதுதான். காலுங்கிற சொல்லோட சொந்தம், காலால தள்ளுறதுங்கிறதுதான் மூல அர்த்தமா இருக்கும்னு சொல்றது இன்னொரு கட்சி. எனக்கு ரெண்டாவது கட்சிதான் பிடிச்சிருக்கு, காரணம் பெருசா ஒண்ணும் இல்ல, எங்க ஊர்ல சவுட்டித் தள்ளுறதுன்னு, அதாவது காலால மிதிச்சுத் தள்ளுறதுன்னு, ஒரு பேச்சு உண்டு, அது அப்படியே வந்து உக்காருது.

ரோமாவுல இதுக்குன்னு வாய்பாடு மாதிரி வாசகமே இருந்திருக்கு. நிச்சயம் பண்ணினத முறிக்கணும்னா, "உன் சம்பந்தம் எனக்கு வேண்டாம்"ங்கிற மாதிரி ஒண்ணு. கல்யாணம் ஆனவங்கன்னா, "உன் சாமான்களை நீயே வச்சுக்கோ." அவ்வளவுதான். பன்னிரண்டு பலகைச் சட்டம்னு அவங்களோட ரொம்பப் பழைய சட்டம் ஒண்ணு உண்டு, அதுப்படி பொண்டாட்டி கையில இருந்து வீட்டுச் சாவிய வாங்கிட்டு வெளிய அனுப்புறது பத்தி சிசரோங்கிற ரோமாப் பேச்சாளர் ஒரு பேச்சுல எதிராளியக் கிண்டல் பண்றப்போ சொல்றாரு. சாவி, சாமான், கதவு, எல்லாமே கண்ணுக்குத் தெரியிற விஷயம். ஒருத்தி அந்த வீட்டுக்குள்ள இருந்தாதான் அவகிட்ட இருந்து சாவிய வாங்க முடியும், வாசல்ல வந்து தண்ணி கேட்டுட்டுப் போறவகிட்ட யாரும் சாவி கேக்க மாட்டாங்க இல்லையா, இந்த வார்த்தையோட உயிரே அதுலதான் இருக்கு.

ரோமாவுல முதல்முதலா பொண்டாட்டியத் தள்ளினவர்னு அவங்க எழுத்தாளர்களே சொல்ற ஆள் ஸ்புரியஸ் கார்விலியஸ் ருகா, சுமார் கி.மு. 230. பொண்டாட்டி மேல பாசம் இல்லாம இல்ல, பிள்ளை பெத்துக்கத்தான் கல்யாணம் பண்றேன்னு அதிகாரிங்க முன்னாடி சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தாராம், பிள்ளை இல்ல, அதனால அனுப்பிட்டாராம். சத்தியத்தக் காப்பாத்தினாரு, சரி. அந்தம்மா என்ன ஆனாங்கன்னு அந்தக் கதைய எழுதி வச்ச யாரும் கவலைப்படல. அப்புறம் பேரரசர் அகஸ்டஸ் காலத்துல வாயால சொன்னா போதாது, ஏழு சாட்சி வேணும்னு சட்டம் வந்துச்சு. கி.பி. 449-ல வந்த ஒரு அரச ஆணை, கல்யாணம் ரெண்டு பேர் சம்மதத்துல நடக்கலாம் ஆனா முறியணும்னா ரெபுதியும் அனுப்பியே ஆகணும்னு சொல்லிடுச்சு. ஆக, வாய்ப்பேச்சா இருந்தது எழுத்தா மாறி, கடைசியில ஒரு தபால் மாதிரி ஆயிடுச்சு. மைனி கையில இருந்த ரிஜிஸ்டர் தபால நெனச்சுக்கிட்டேன்.

இதுக்கு நடுவுலதான் பைபிள். 4-ம் நூற்றாண்டு கடைசியில ஜெரோம்ங்கிற அறிஞர் லத்தீன் பைபிளச் சரிபண்ணி எழுதறப்போ, அந்த மத்தேயு வசனத்துல வர்ற சீட்டுக்குப் போட்ட சொல் லிபெல்லும் ரெபுதியி. லிபெல்லஸ்னா சின்ன ஏடு, சீட்டு. ரெபுதியின்னா தள்ளுதலோட. தள்ளுதற்சீட்டு! தமிழ் பைபிள மொழிபெயர்த்தவங்க லத்தீனப் பாத்து எழுதல, ஆனாலும் தள்ளுன்னு ஒரு சொல்லையும் சீட்டுன்னு ஒரு சொல்லையும் ஒட்டினதுல அதே இடத்துக்கு வந்து சேந்துட்டாங்க. லைஃப் இன்சூரன்ஸ் லெட்டர்ல இருக்கிற வார்த்தைக்கும் அருமனை மைனி வாயில வந்த வார்த்தைக்கும் நடுவுல ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல தூரம், ஆனா ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க.

எங்க ஜில்லாவுக்கு இன்னொரு சொல்லும் சொந்தம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க திருவிதாங்கூர் (1949-ல இருந்து திருவிதாங்கூர்-கொச்சி), பழைய ஆதாரங்கள், அதாவது சொத்துப் பத்திரங்கள், பாதி மலையாளத்துல இருக்கும், இன்னைக்கும் அதப் படிச்சுச் சொல்ல ஆள் தேடிட்டு கடைக்கு வருவாங்க. அதுல ஒழிமுறின்னு ஒண்ணு உண்டு. முறின்னா எழுதின சீட்டு. ஒழிமுறின்னா ஒழிஞ்சு கொடுக்கிற சீட்டு, நிலத்து மேல இருந்த பாத்தியதைய விட்டுக்கொடுக்கவும் அதுதான், புருஷன் பொண்டாட்டி பந்தத்தப் பிரிக்கவும் அதுதான். ஒரே சொல் சொத்துக்கும் சம்பந்தத்துக்கும். இங்கிலீஷ்காரன் வார்த்தை கல்யாணத்துல இருந்து கிளம்பி கடன், ஒப்பந்தம், பாலிசின்னு போனது பெரிய அதிசயம் இல்லன்னு இதப் பாத்ததும்தான் தோணுச்சு, எங்க தாத்தாமார்கள் ஒரே முத்திரைத்தாள்ல ரெண்டையும் முடிச்சிருக்காங்க.

இங்கிலீஷுக்குள்ள 16-ம் நூற்றாண்டுல நுழையிறப்போவும் இந்த வினைச்சொல்லுக்கு அர்த்தம் பொண்டாட்டிய விலக்குறதுதான். 19-ம் நூற்றாண்டுலதான் கருத்தத் தள்ளுறது, கடனத் தள்ளுறதுன்னு கைகால் முளைக்குது. கடன் சமாச்சாரத்துல பேர் வாங்கினது அமெரிக்காவோட மிசிசிப்பி மாகாணம், ஒரு பேங்க் ஆரம்பிக்கிறதுக்காக 1838-ல வித்த 50 லட்சம் டாலர் பத்திரங்கள, 1842-ல இது எங்களக் கட்டுப்படுத்தாதுன்னு சொல்லித் தள்ளிடுச்சு. 1918-ல ரஷ்யாவுல போல்ஷெவிக்குங்க ஜார் வாங்கின கடன்களுக்கும் அதையே பண்ணினாங்க. நாங்க வாங்கலன்னு யாரும் சொல்லல பாருங்க. வாங்கினது நிஜம், பத்திரம் நிஜம், ஆனா அது எங்க கடன் இல்லங்கிறாங்க.

இதத் தமிழ்ல கடன் தள்ளுபடின்னு சொன்னீங்கன்னா அர்த்தம் தலைகீழாப் போயிடும், ஏன்னா நம்ம ஊர்ல கடன் தள்ளுபடின்னா கொடுத்தவன் தள்ளுறது, நகைக்கடன் தள்ளுபடி விவசாயக்கடன் தள்ளுபடின்னு ஜனங்க சந்தோஷப்படுற விஷயம். ரிப்யூடியேஷன்ல வாங்கினவன் தள்ளுறான். அதே தள்ளுபடிதான் துணிக்கடையில ஆடித் தள்ளுபடி, கோர்ட்ல மனு தள்ளுபடி. மனு தள்ளுபடி ஆச்சுன்னு கேட்டு மொத தடவ சந்தோஷப்பட்ட ஒரு பெரியவர எனக்குத் தெரியும், பாவம், ஃபீஸத் தள்ளுபடி பண்ணிட்டாங்கன்னு நெனச்சிட்டாரு.

சரி, பக்கத்துல இருக்கிற மத்த வார்த்தைங்கள்ல இருந்து இது எப்படி வேறன்னு பாப்போம். டினைன்னா இல்லன்னு சொல்றது. இயேசுவோட சீடர் பேதுரு முற்றத்துல நெருப்புக் காஞ்சுட்டு அந்த மனுஷனை அறியேன்னு சொன்னாரே, சேவல் கூவுறதுக்குள்ள மூணு தடவ, தமிழ் பைபிள் அத மறுதலிக்கிறதுன்னு சொல்லும். அங்க சொல்றது ஒரு செய்தி, அதுவும் பொய்யான செய்தி: எனக்கும் அவருக்கும் பழக்கமே கிடையாது. ரிப்யூடியேட் பண்றவன் அப்படிச் சொல்ல மாட்டான், பழக்கம் இருந்துச்சு, இனிமே கிடையாதும்பான். ரிஜெக்ட்னா திருப்பி எறியிறது, நீங்க உள்ளேயே வரல, பாஸ்போர்ட் அப்ளிகேஷன் ரிஜெக்ட் ஆகிற மாதிரி. ரிஃப்யூட்னா ஆதாரம் காட்டித் தப்புன்னு நிரூபிக்கிறது. இந்த ரிஃப்யூட்டையும் ரிப்யூடியேட்டையும் போட்டுக் குழப்பி அமெரிக்க அரசியல்வாதி சாரா பேலின் 2010-ல ரிஃப்யூடியேட்னு ஒண்ண எழுதி வச்சு, ஊரே சிரிச்சு, கடைசியில நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்கன் டிக்ஷனரி அதையே அந்த வருஷத்து வார்த்தையாத் தேர்ந்தெடுத்துச்சு. அப்படி ஒரு குழப்பம் வர்ற வார்த்தைய லெட்டர்ல போட்டு ரப்பர் தோட்டத்துல வேலை பாத்தவர் வீட்டுக்கு அனுப்பினா என்ன ஆகும்.

தமிழ்ல இதுக்குப் பக்கத்துல வர்றது கைகழுவுறதுதான்னு நெனக்கிறேன். கைய விரிக்கிறது வேற, அவன்கிட்ட இல்ல அதனால விரிக்கிறான். கைகழுவுறவன்கிட்ட இருக்கு.

ஒப்பந்தச் சட்டத்துல இது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு உதாரணம் சொல்றேன். கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, சிங்காரி மேளம் பேசி அட்வான்ஸ் கொடுத்தாச்சு, கொடைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, மேளக்காரர் போன் பண்ணி நாங்க வரலன்னு சொல்லிட்டாரு. கமிட்டி கொடை நாள் வரைக்கும் காத்திருந்து, அவர் வரலன்னு ஊர்ஜிதம் ஆனதுக்கு அப்புறம்தான் கேஸ் போடணுமா? வேண்டாம். 1853-ல இங்கிலாந்துல தீர்ப்பு வந்த இதே மாதிரி ஒரு கேஸ், ஐரோப்பா சுத்திப் பாக்கப் போறவர் கூட வர்றதுக்கு ஒருத்தர வேலைக்குப் பேசுறாங்க, 1852 ஜூன் 1-ல இருந்து வேலை. மே 11-ம் தேதியே வரவேண்டாம்னு லெட்டர் வருது. அவர் மே 22-ம் தேதி கேஸ் போட்டுட்டாரு, வேலை ஆரம்பிக்கவே இல்லையே, ஒப்பந்தம் இன்னும் மீறப்படலையேன்னு எதிர்த்தரப்பு வாதம், கோர்ட் ஒத்துக்கல. தள்ளின அன்னைக்கே முறிஞ்சாச்சு, அன்னைக்கே கேக்கலாம்னு தீர்ப்பு. நம்ம 1872 ஒப்பந்தச் சட்டம் 39-ம் பிரிவும் இந்த விஷயத்தத்தான் பேசுது, சொன்ன வாக்க முழுசா நிறைவேத்த மாட்டேன்னு ஒருத்தன் சொல்லிட்டா அடுத்தவன் ஒப்பந்தத்த அங்கேயே முடிச்சுக்கலாம். ஆனா அவன் தள்ளினதுக்கு அப்புறமும் நீங்க சரி சரின்னு தொடர்ந்து ஒத்துப் போயிட்டீங்கன்னா அந்த உரிமை போச்சு.

கல்யாணத்த விட்டு இந்த வார்த்தை வெளிய போயிடுச்சுன்னு நெனச்சா அதுவும் தப்பு. 1955 இந்து திருமணச் சட்டத்துல, 1976-ல சேத்த ஒரு உட்பிரிவு இருக்கு: 15 வயசுக்குள்ள கட்டிக் கொடுக்கப்பட்ட பொண்ணு, 15 முடிஞ்சு 18 ஆகிறதுக்குள்ள அந்தக் கல்யாணத்த ரிப்யூடியேட் பண்ணியிருந்தா, அத வச்சு அவ விவாகரத்து கேக்கலாம். 1939 முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்துலயும் சின்ன வயசுல கட்டி வைக்கப்பட்ட பொண்ணுக்கு இதே சொல்லப் போட்டு உரிமை இருக்கு. ரெண்டு இடத்துலயும் தள்ளுறது பொண்ணு. சாவிய வாங்கிட்டு வெளிய அனுப்பப்பட்டவ கைக்கு இப்போ அதே சொல் வந்திருக்கு, சட்டத்தோட இந்த மூலையப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு, கார்விலியஸ் பொண்டாட்டி ஞாபகம் வந்துச்சு.

இப்ப மைனி லெட்டருக்கு வர்றேன். பாலிசி எடுத்தது 2016, நடுவுல 2020-ல பணம் கட்ட முடியாம லேப்ஸ் ஆகி, 2022-ல திரும்பப் புதுப்பிச்சிருக்காங்க. புதுப்பிக்கிறப்போ உடம்பு பத்தி ஒரு ஃபாரம் கொடுப்பாங்க, அத ஏஜென்ட் நிரப்பினாரு, அண்ணன் கையெழுத்து போட்டாரு. அதுல சுகர் இருக்கிறதச் சொல்லலங்கிறதுதான் கம்பெனி சொல்ற காரணம். இன்சூரன்ஸ் சட்டம் 1938-ல 45-ம் பிரிவு, 2015-ல திருத்தினதுக்கு அப்புறம், மூணு வருஷம் தாண்டின லைஃப் பாலிசிய எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொல்லுது. கேக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த மூணு வருஷம் பாலிசி எடுத்த நாள்ல இருந்து மட்டும் இல்ல, புதுப்பிச்ச நாள் கடைசியா வந்தா அதுல இருந்து. அண்ணன் போனது புதுப்பிச்சு ரெண்டு வருஷம் ஆகியும் ஆகாமலும். ஆக அந்தக் கதவு மூடியிருக்கு, அத மைனிகிட்ட மறைக்காமச் சொல்லிட்டேன்.

ஆனா அதே பிரிவுல கீழ ஒரு வரி இருக்கு. மோசடின்னு சொல்லாம, முக்கியமான விவரத்த மறைச்சாங்க இல்ல தப்பாச் சொன்னாங்கங்கிற காரணத்துக்காக பாலிசிய ரிப்யூடியேட் பண்ணினா, அதுவரைக்கும் வாங்கின பிரீமியம் முழுக்க 90 நாளைக்குள்ள நாமினிக்கோ வாரிசுக்கோ திருப்பிக் கொடுக்கணும். சட்டமே அந்த இடத்துல இந்த வார்த்தையத்தான் போட்டிருக்கு. உன் சாமான்களை நீயே வச்சுக்கோ! ரோமாக்காரன் பொண்டாட்டிய அனுப்புறப்போ சொன்ன அதே வாசகம், தள்ளுறவன் அடுத்தவ பொருள வச்சுக்கிட்டுத் தள்ளக் கூடாது, அங்க சீதனம், இங்க பிரீமியம். மைனிக்கு வந்த லெட்டர்ல மோசடிங்கிற சொல் எங்கேயும் இல்ல, பணத்தத் திருப்பித் தர்றது பத்தியும் ஒரு எழுத்து இல்ல, லெட்டர் வந்து ஏழு மாசம் ஆச்சு.

இன்னொரு விஷயமும் உண்டு, லெட்டர் கையில வச்சிருக்கிற எல்லாருக்கும் பயன்படும். என்ன காரணம், எந்த ஆதாரம்னு எழுத்துல சொல்லணும்ங்கிறதும் அதே 45-ம் பிரிவுலயே இருக்கு. லெட்டர்ல சொல்லாத புதுக் காரணத்த அப்புறம் கோர்ட்ல வந்து எடுத்துவிட முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019-ல ஒரு இன்சூரன்ஸ் வழக்குல சொல்லியிருக்கு. அதனால அந்தச் சீட்ட ஆத்திரத்துல கிழிச்சுப் போட்டுடாதீங்க. தள்ளினவன் எந்தக் காலால தள்ளினான்னு அதுலதான் இருக்கு.

மைனிகிட்ட இதெல்லாம் சொல்லி முடிச்சப்போ கடையடைக்கிற நேரம். முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதணும், ஒரு மாசம் பாக்கணும், பதில் இல்லன்னாலோ திருப்தி இல்லன்னாலோ சென்னையில இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைகேட்பு அதிகாரி) போகலாம், அங்க ஃபீஸும் இல்ல, வக்கீலுக்கும் இடமில்ல, ஒரு வருஷத்துக்குள்ள போகணும். நாகர்கோவில்ல நுகர்வோர் ஆணையமும் இருக்கு. இதுவரைக்கும் மைனி கேட்டுட்டே இருந்தாங்க. லெட்டர்ல என்ன எழுதணும்னு நான் கேட்டதுக்கு, "சீட்டுத் தந்தாவல்லா, அப்பம் எனக்க சாமானத்த எடுத்துத் தரட்டு. அதையும் எழுது, அந்த ஃபாரத்த எழுதுனது எனக்க மாப்பிள இல்லன்னும் எழுது" அப்படின்னாங்க.

ரெண்டையும் எழுதினேன், ரெண்டாவது எவ்வளவு தூரம் நிக்கும்னு தெரியாமத்தான். ரிப்யூடியேட்டுக்கு மட்டும் தமிழ்ல என்ன போடுறதுன்னு யோசிச்சு, மறுத்துவிட்டீர்கள்னு அடிச்சத அழிச்சுட்டு, தள்ளிவிட்டீர்கள்னு அடிச்சேன். மறுநாள் குழித்துறை போஸ்ட் ஆபீஸ்ல அக்னாலஜ்மென்ட் கார்டோட ரிஜிஸ்டர் பண்ணியாச்சு. கார்டு கையெழுத்தாகித் திரும்பி வந்துடுச்சு, மைனி அத அந்த பிளாஸ்டிக் கவர்ல, டெத் சர்டிபிகேட்டுக்கு அடியில வச்சுட்டாங்க. ஒரு மாசம் முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கு.